பவுடர் டிராயரிலேயே தங்கிவிடுகிறதா? கழுவுவதா, சல்லடையா, வால்வா, நேராக டிரம்மிலா?

வாஷிங் மெஷினில் துவைத்து முடித்து, சோப்பு போடும் டிராயரை இழுத்தால் பாதி பவுடர் களிபோலக் கிடக்கிறது. இல்லையென்றால் துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர் ஊற்றியது ஊற்றியபடி தளும்புகிறது. இதற்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். டிராயரைக் கழுவு என்பார் ஒருவர், பின்பக்கச் சல்லடையைப் பார் என்பார் இன்னொருவர், மெக்கானிக், மெஷினுக்குள் தண்ணீர் விடும் வால்வை மாற்றச் சொல்வார். சலித்துப்போனவர்கள் சோப்பை நேராக டிரம்மில் கொட்டிவிடுவார்கள். நான்கையும் செய்து பார்த்துவிட்டேன். எது மிஞ்சுகிறது, எந்த அறையில் மிஞ்சுகிறது என்று பார்க்காமல் இவற்றில் எதைச் செய்தாலும் பாதி உழைப்பு வீண்தான்.

சாஃப்ட்னர் மட்டும் இறங்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழுவும் வழிக்கே என் ஓட்டு. அந்த அறையில் சின்னக் குழாய் ஒன்று நிற்கும், அதன்மேல் ஒரு மூடி கவிழ்ந்திருக்கும். தண்ணீர் மட்டம் குழாயின் வாயைத் தாண்டியதும், உள்ளே இருப்பதையெல்லாம் அது உறிஞ்சிக் கீழே இறக்கிவிடும். மூடிக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடுக்கு அடைத்தால் அந்த உறிஞ்சல் நின்றுபோகும். எங்கள் மெஷினில் முதல்முறை அந்த மூடியைக் கழற்றியபோது உள்ளே வழவழவென்று சாம்பல் நிறப் பிசின், நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. டிடர்ஜென்ட்டும் சாஃப்ட்னரும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்டவை. இரண்டும் கலந்தால் இப்படித்தான் திரண்டு ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும். டிராயர் நுழையும் பொந்தின் கூரையில் தண்ணீர் விழும் சிறு துளைகள் இருக்கும். அங்கேயும் பிரஷ்ஷை விடுங்கள், பலரும் விட்டுவிடும் இடம் அது. கழுவிய பிறகும் அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. அப்புறம், சாஃப்ட்னரை மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் துவைக்கத் தொடங்கும்போதே இறங்கி வீணாகிவிடும்.

பவுடர் கட்டி தட்டினால் சந்தேகம் தண்ணீர் வேகத்தின் மீது திரும்ப வேண்டும். அதற்கு முன் ஒன்று: சில டிராயர்களில் லிக்விட் ஊற்றுவதற்கென்று ஒரு தடுப்புப் பலகை இருக்கும். அதை இறக்கிவைத்துவிட்டுப் பவுடர் போட்டால் கட்டி தட்டத்தான் செய்யும். பலகை சரியாக இருந்தால், தண்ணீர் ஏறும் நேரத்தில் டிராயரைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். தண்ணீர் சீறி விழவேண்டும், சொட்டுச்சொட்டாக ஒழுகக்கூடாது. ஒழுகினால் பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, மெஷின் பின்னால் இருக்கும் ஹோஸைக் கழற்றுங்கள். அதன் நுனியை ஒரு வாளிக்குள் வைத்துக் குழாயைத் திறந்தால் விஷயம் தெரிந்துவிடும். வாளியிலும் தண்ணீர் மெதுவாக விழுந்தால் மெஷின்மேல் பழியில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். தொட்டி தாழ்வாக இருந்தால் மெஷின் திணறும். வாளியில் வேகமாக விழுந்தால் வால்வின் வாயில் உள்ள சல்லடையைக் குறடால் மெல்ல இழுத்து வெளியே எடுங்கள். மணலும் துருவும் அப்பியிருந்தால் குழாயடியில் காட்டிக் கழுவினால் போய்விடும். ஊசியால் குத்தாதீர்கள். கிழிந்த சல்லடை வழியாக மணல் உள்ளே போனால் வால்வும் கெட்டுவிடும்.

வால்வை மாற்றுவது கடைசி வழி. பல மெஷின்களில் வால்வைத் திறக்கும் இரண்டு காயில்கள் (மின்சுருள்கள்) சேர்ந்து மூன்று அறைகளுக்கும் தண்ணீர் விடுகின்றன: ஒன்று மெயின் வாஷுக்கு, ஒன்று அதற்கு முந்தைய துவைப்பான ப்ரீ-வாஷுக்கு, இரண்டும் ஒன்றாகத் திறந்தால் சாஃப்ட்னருக்கு. அப்படிப்பட்ட மெஷினில் முதல் இரண்டு அறைகளிலும் தண்ணீர் நன்றாக விழுகிறதென்றால் வால்வில் குறையில்லை, துளைகளையும் மூடியையும்தான் பார்க்கவேண்டும். மெஷினை நிறுத்தியும் உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டாம், வால்வை மாற்றிவிடுங்கள்.

டிரம்மில் நேராகப் போடுவது ஸ்பேர் வரும்வரை சரி. லிக்விட் என்றால் சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் துணிகளுக்கு நடுவே வைக்கலாம். பவுடரைத் துணிக்கு முன்பே உள்ளே போடுங்கள். மேலே தூவினால் கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டாக நிற்கும். சாஃப்ட்னரை மட்டும் இந்த வழியில் போட முடியாது. கடைசி அலசலின்போது நீங்களே பக்கத்தில் நின்று ஊற்ற வேண்டியிருக்கும். முன்பக்கக் கதவு உள்ள மெஷினில் அதற்கும் வழியில்லை.