பிக்ஃபுட் படம்: விலங்கா, வேடமா?

1967 அக்டோபர் 20. வடக்குக் கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக் ஓடைக்கரையில் ரோஜர் பேட்டர்சனும் பாப் கிம்லினும் எடுத்த படம் ஒரு நிமிடம்கூட ஓடாது. ரோமம் மூடிய உருவம் ஒன்று நடந்துபோகிறது, ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது. வட அமெரிக்கக் காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படும் பிக்ஃபுட் என்ற குரங்கு மனிதன் அதுதானா, வேடம் போட்ட ஆளா என்பதே சண்டை.

நிஜம் என்பவர்கள் முழங்கால் மடங்கிய அந்த நடையையும், ரோமத்துக்கு அடியில் தசை அசைவதையும் காட்டுவார்கள். மானுடவியலாளர் குரோவர் கிரான்ட்ஸ் இந்தப் பக்கம். 1972இல் பேட்டர்சன் இறந்த பிறகும் கிம்லின் தன் பேச்சை மாற்றவில்லை. ஆனால் கேமரா என்ன வேகத்தில் ஓடியது என்பதே உறுதியில்லை. அது தெரியாமல் நடையை வைத்து எதை நிரூபிப்பது?

வேடம் என்பவர்களுக்கு பாப் ஹெய்ரோனிமஸ் கிடைத்தார். உள்ளே இருந்தது நான்தான் என்றார். உடையை விற்றதாக ஃபிலிப் மாரிஸ் சொன்னார். சரி, ஆனால் ஒருவர் குதிரைத்தோல் என்கிறார், மற்றவர் செயற்கை ரோமம் என்கிறார்! உடையும் இன்றுவரை வெளிவரவில்லை.

இருந்தாலும் என் ஓட்டு வேடத்துக்கே. பிக்ஃபுட் பற்றிப் படமெடுக்கக் கிளம்பியவரின் கேமரா முன்னாலேயே அது வந்து நிற்குமா? அப்புறம், இத்தனை ஆண்டுகளில் ஓர் எலும்புகூடவா சிக்காது?