'உள்ளது உள்ளபடி' எழுதி வாங்கும் பழைய கார் கடைகள்: வட சென்னைக்காரர்கள் கவனத்துக்கு

மூலக்கடை, மாதவரம் பக்கம் பழைய கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். வழக்கு நடப்பதால் கடைப் பெயரை எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் வாங்கியது 2018 மாடல் ஹேட்ச்பேக், விலை 4 லட்சத்து 20 ஆயிரம். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தில் 'சிங்கிள் ஓனர், நான் ஆக்சிடென்ட், தண்ணி ஏறாத வண்டி' என்று இருந்தது. 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் அந்தக் கடைசி வார்த்தைக்காகவே கூடுதலாகப் பத்தாயிரம் கொடுக்கலாம். வியாசர்பாடியிலும் கொளத்தூரிலும் அப்போது மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லையே.

டெலிவரி அன்று மேனேஜர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு 20 ரூபாய் பத்திரத்தை நீட்டினார். 'வண்டியை நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்து, உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன். இனி எந்தப் பழுதுக்கும் யாரும் பொறுப்பல்ல.' எல்லாரிடமும் வாங்குவதுதான் சார், சும்மா ஃபார்மாலிட்டி என்றார்.

முதல் மாதத்திலேயே பவர் விண்டோ படுத்துவிட்டது. ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. அப்புறம் ஒரு நாள் ஜி.என்.டி. ரோட்டில் இன்ஜின் நின்றது. எருக்கஞ்சேரி மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். மேலே கறுகறுவென்று இருந்த பட்டை, உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு முழத்துக்கு மண் நிறம். நகத்தால் சுரண்டினால் தூள் உதிர்ந்தது. "பாத்தியா தம்பி, இவ்ளோ தூரம் தண்ணி நின்னுருக்கு" என்றார். கார்பெட்டைத் தூக்கினால் சீட் அடியில் இருந்த போல்ட்டு எல்லாம் துரு. அதற்கு மேலே புத்தம் புது சீட் கவர்.

பழைய இன்சூரன்ஸ் பேப்பர்களையும் எடுத்துப் பார்த்தேன். 2023 பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத வருடங்களுக்காகத் தரும் தள்ளுபடி) 50 சதவீதம், 2024 பாலிசியில் பூஜ்யம். ஓனர் மாறாமல், பாலிசி விட்டுப்போகாமல் அது பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால் நடுவில் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வண்டி பார்க்கப் போகும்போது கடைசி இரண்டு பாலிசிகளையும் கேளுங்கள்.

கடைக்குப் போனோம். "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார். அதுவுமில்லாம நாங்க வெறும் புரோக்கர்தான், ஓனரைக் கேளுங்க" என்றார்கள். ஆர்.சி. பழைய ஓனர் பெயரில் இருந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து முன்கூட்டியே போட்டிருந்தது. விற்பனைப் பத்திரமும் அவருக்கும் எங்களுக்கும் நடுவில்தான். கடையின் பெயர் எந்தப் பேப்பரிலும் இல்லை. ஓனருக்குப் போன் செய்தால், வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று சொல்லித்தான் கடைக்குக் கொடுத்தேன் என்கிறார் மனிதர்!

ஏன் இப்படிப் பேப்பர் போடுகிறார்கள் என்பது வக்கீல் சொன்ன பிறகுதான் விளங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தக் காரை விற்றால் அவர் வியாபாரி இல்லை. அவர்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, சிவில் கோர்ட்தான். விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் கடை அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறது. நல்லவேளை, பணம் போனது கடையின் கரன்ட் அக்கவுன்ட்டுக்கு. விற்றது கடைதான் என்று காட்ட எங்களிடம் இருப்பது அதுதான்.

'உள்ளது உள்ளபடி' என்பது வெறும் காகிதம் என்றும் நினைத்துவிடாதீர்கள். தேய்ந்த டயர், தளர்ந்த கிளட்ச், பெயின்ட் கீறல் என்று பார்த்தால் தெரிகிற விஷயங்களுக்கு அது செல்லும். தெரிந்த குறையை வேண்டுமென்றே மூடி மறைத்தால் 1872 ஒப்பந்தச் சட்டத்தில் அதற்குப் பெயர் மோசடி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, வியாபாரி எந்த விதத்தில் சொல்லியிருந்தாலும் அந்தத் தரம் பொருளில் இல்லாவிட்டால் அதைக் குறைபாடு என்கிறது. எங்கள் விஷயத்தில் அந்த 'எந்த விதத்தில்' வாட்ஸ்அப் விளம்பரம்தான். பில் கொடுக்காததையும் இந்தச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் சேர்த்திருக்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஓனர் வண்டியைக் கடையில் விட்டதும் படிவம் 29சி வழியாக ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். கடை மேனேஜரிடம் அதைக் கேட்டபோது டீ சாப்பிடுறீங்களா சார் என்றார்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினோம், கடை மசியவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாகப் புகார் கொடுத்தோம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். தானே ஓட்டிப் பிழைப்பதற்காக டாக்ஸி வாங்கியவரும் நுகர்வோர்தான், கடைக்காரர் வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள். ஆணையம் வண்டியைச் சோதனைக்கு அனுப்பக்கூடும் என்பதால் எதையும் பிரித்து மாற்றாமல் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறோம். இந்த வயிற்றெரிச்சலுக்கு நடுவில் ஆபீசுக்கு ஷேர் ஆட்டோ.

கடை இன்னும் பதில் மனு போடவில்லை. புரோக்கர் கதையைத்தான் அங்கேயும் சொல்லப்போகிறார்கள். மாதவரம் பக்கம் இதே வாசகத்தோடு பத்திரம் எழுதிக் கொடுத்து, பணத்தை மட்டும் கடைக் கணக்குக்கு அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் பத்திர நகலையும் பணம் போன ஸ்கிரீன்ஷாட்டையும் எனக்கு அனுப்பி வையுங்கள். வக்கீல் கேட்கிறார்.