பீச் ரோடு, மாலை 6 மணிக்கு மேல்: ஆபீஸ் களைப்புக்கு எவ்வளவு உதவும்?

புதுச்சேரி கடற்கரைச் சாலையைச் சுற்றுலா இடமாகப் பார்த்து எழுதியவர்கள் ஏராளம். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது வேறு. மாலை 6 மணிக்குச் சாலையின் குறுக்கே தடுப்பு வைக்கிறார்கள், மறுநாள் காலை 7.30 வரை வண்டி எதுவும் உள்ளே வர முடியாது. இந்தப் பதின்மூன்றரை மணி நேரம் ஊர்க்காரருக்குக் கிடைக்கும் இலவசச் சேவை. வேலை முடிந்து மண்டை கனத்துப்போய் வருகிறவர் அதில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் என்ன கிடைக்கும், எது கிடைக்காது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. வாரநாளில் நாலரை கூடத் தரலாம், ஞாயிறு மாலைக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.

இந்த இடத்தின் பலம் கடல் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கடலுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேலை அழுத்தம் என்று வரும்போது அந்தத் தடுப்புதான் பெரிய உதவி. ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பாருங்கள்: கடைசி பைக்குகள் ஆர்ன் அடித்துக்கொண்டு குறுக்குத் தெருவுக்குள் திரும்பும். இரும்புத் தடுப்பின் கால்கள் தார் ரோட்டில் கிறீச்சென்று இழுபடும். இரண்டு நிமிடத்தில் இரைச்சல் வடிந்து, பாறையில் அலை அடிக்கும் சத்தம் சாலையின் இந்த ஓரம் வரை கேட்கும். ஓரமாக ஒதுங்கி நடந்துகொண்டிருந்தவர்கள் நடுரோட்டுக்கு வந்துவிடுவார்கள்.

இன்றைய ஆபீஸ் வேலைக்கு இப்படி ஒரு தடுப்பு கிடையாது. ஆறரைக்குக் கிளம்பினாலும் வாட்ஸ்அப் குரூப் கூடவே வருகிறது, சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் உட்கார்ந்துகொள்கிறது. வேலை எவ்வளவு என்பதைவிட, அது எப்போது முடிந்தது என்று தெரியாமல் இருப்பதுதான் பலரைக் கரைக்கிறது. அதனால் இங்கே வருவதென்றால் வீட்டுக்குப் போகும் முன் வர வேண்டும். வீட்டுக்குப் போய் லுங்கி மாற்றி, டீ குடித்து, டிவி முன் சாய்ந்த பிறகு கிளம்புகிறவர் பத்தில் இரண்டு நாள்தான் வந்து சேர்வார். ஆபீஸ் உடையோடு வருவது நல்லது, ஷூ மட்டும் நடக்கத் தோதாக இருந்தால் போதும்.

வடக்கு முனையிலிருந்து தெற்கே டூப்ளே சிலை வரை ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். போக வர இரண்டரை. நிமிர்ந்த நடையில் 30 முதல் 35 நிமிடம் ஆகும். வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு, வாரத்தில் ஐந்து நாள் ஒரு முறை போய்வந்தால் அது நிறைந்துவிடும். வேகம் சரியா என்று பார்க்கக் கடிகாரம் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை 6.15க்கு வருவது உத்தமம். இது கிழக்குக் கடற்கரை, சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குவதால் வெயில் முகத்தில் அடிக்காது. பகலில் சூடான நிலம் கடல்காற்றை இழுக்கும், பொழுது சாய்ந்து நிலம் ஆற ஆறக் காற்று தளரும். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கு மேல் சில நாள் காற்றே நின்று கசகசவென்று ஆகிவிடும். அந்த மாதங்களில் உட்காரும் கல் திண்டும் பகல் சூட்டை ஏழு மணி வரை விடாது. நடந்துவிட்டு உட்காருங்கள், உட்கார்ந்துவிட்டு நடக்கலாம் என்று வராதீர்கள்.

நடையை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பலன் நன்றாகத் தெரியும். தெற்கே போகும்போது மனம் ஆபீஸையே சுற்றும். மேலாளர் சொன்னது, நாம் சொல்லியிருக்க வேண்டியது எல்லாம் ஓடட்டும், தடுக்க வேண்டாம், கால் மட்டும் வேகமாகப் போகட்டும். திரும்பி வரும் வழியில் காந்தி சிலை அருகே உட்கார்ந்து ஒரு சின்ன நோட்டை எடுங்கள். அதில் மூன்றே மூன்று வரி: பாதியில் நிற்கும் வேலை எது, நாளை அதில் கை வைக்கும் முதல் செயல் எது, எத்தனை மணிக்கு. ‘ரிப்போர்ட் முடிக்கணும்’ என்று எழுதினால் பயனில்லை. அது ஏற்கெனவே மண்டையில் ஓடிக்கொண்டிருக்கும் அதே வரிதான். ‘காலை 9.30, மார்ச் மாத விற்பனைக் கணக்கில் திரும்பிவந்த சரக்கைக் கழித்து, கூட்டுத்தொகையைச் சரிபார்த்து அனுப்பணும்’ என்று எழுதுங்கள். 2018இல் அமெரிக்காவில் 57 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், இனி செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. அது படுக்கப்போகும் நேரத்தில் எழுதியது, அதனால் கடற்கரையில் எழுதியதை விளக்கணைக்கும் முன் ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

நோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் தாள் நமத்துப்போகும், ஜெல் பேனா பரவும். பால்பாயிண்ட் அல்லது பென்சில் போதும். அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்த தாளில் வரும் நோட்டுகள் இந்த ஊரின் பெருமை, பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த அழகான தாளில் அவசரக் கிறுக்கல் எழுத யாருக்கும் மனம் வராது, வாங்கி வீட்டில்தான் இருக்கும். சட்டைப் பையில் அடங்கும், பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன நோட்டுப் புத்தகம் இதற்குச் சரி.

எழுதி முடித்ததும் ஐந்து நிமிடம் மூச்சு. நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, ஐந்து நிமிடத்துக்கு முப்பது மூச்சு. விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும், அதற்காகத்தான் ஆறு. இங்கே புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு, அலையோடு மூச்சைப் பொருத்தப் பார்ப்பது. அலை சீராக வராது, இரண்டு சேர்ந்து வரும், பிறகு ஒன்று தாமதிக்கும். அதைத் துரத்தினால் மூச்சு முட்டித் தலை சுற்றும். எண்ணிக்கை உங்களுடையதாக இருக்கட்டும். பாறைமேல் ஏறி உட்காரவும் வேண்டாம். பாசி படிந்த கல் வழுக்கும், பார்க்க அமைதியாக இருக்கிற அலையும் சட்டென்று மேலே ஏறி அடிக்கும்.

இனி எது கெடுக்கும் என்று பார்ப்போம். முதல் எதிரி போன். சைலன்டில் போட்டாலும் திரை மினுங்கினால் கை போகும், ஏரோபிளேன் மோடுதான் தீர்வு. வீட்டுக்கு ஒரு மணி நேரம் கிடைக்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிடலாம். அடுத்தது, கூட வரும் ஆபீஸ் சகா. நல்ல மனிதராகவே இருப்பார், ஆனால் இரண்டரை கிலோமீட்டரும் ஆபீஸ் கதைதான் ஓடும், வந்தபோது இருந்த கனம் இரண்டு மடங்காகத் திரும்பும். ஆள் துணை வேண்டுமென்றால் உங்கள் வேலை என்னவென்றே சரியாகத் தெரியாத மாமாவோ அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ மேல்.

மூன்றாவது காபி. ஏழு மணிக்குக் குடிக்கும் காபியில் உள்ள காஃபினில் ஏறக்குறைய பாதி நள்ளிரவிலும் உடம்பில் இருக்கும். களைப்பாக இருக்கிறதே என்று குடிப்பார்கள், அதுவே இரவுத் தூக்கத்தை அரித்து மறுநாள் களைப்பைக் கூட்டும். காபித்தூள் சேர்க்காத சுக்கு மல்லி குடிக்கலாம். சுண்டல் தாராளமாகச் சாப்பிடலாம். பேப்பர் பொட்டலத்தில் பட்டாணி, மேலே பொடிப்பொடியாக மாங்காய், தேங்காய்த் துருவல், கரண்டிக்குப் பதில் ஓரத்தில் செருகிய ஒரு துண்டு அட்டை. கேட்டால் பச்சை வெங்காயம் கொஞ்சம் கூடப் போடுவார்கள். ஒரு பொட்டலத்தை அந்த அட்டையால் அள்ளி அள்ளித் தின்று முடிக்கப் பத்து நிமிடமாவது ஆகும், அந்தப் பத்து நிமிடமும் கை போனுக்குப் போகாது.

நாலாவது தவறு ஊக்கத்தைப் பற்றியது, இதுதான் பலரை நிறுத்திவிடுகிறது. ஒரு மண்டலம், 48 நாள் விடாமல் செய்தால் பழகிவிடும் என்று சபதம் எடுப்பார்கள். பன்னிரண்டாம் நாள் மீட்டிங் இழுத்துவிடும், போச்சு என்று கைவிடுவார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக வரும் அளவுக்குப் பழக எடுத்த காலம் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது (பன்னிரண்டு வாரத்தைத் தாண்டியது, அதுவரை பழகிய வேகத்தை வைத்துக் கணக்கிட்ட மதிப்பீடு). நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் உருவாவது கெட்டுப்போகவில்லை. ஆகவே விட்ட நாளுக்குப் பரிகாரமாக மறுநாள் இரட்டை நடை வேண்டாம். உடம்பு ஒத்துழைக்காத நாளில் தடுப்பைத் தாண்டி வந்து ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனாலே அது கணக்கில் சேரும்.

சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டிலும் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் சூரிய உதயம் பார்க்க நேராக இங்கே வருவது வழக்கம். காலை 7.30 வரை வண்டி இல்லை, காற்றும் நன்றாக இருக்கும், ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த வெளிச்சம் கண்ணில் பட்டதும் உடம்பு ‘விடிந்துவிட்டது’ என்று முடிவெடுத்துவிடும், பிறகு ஒன்பது மணிக்குப் படுத்தால் பதினொன்றுக்கே விழிப்பு வரும். இரவு வேலை ஓடும் வாரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய், ஜன்னலை இருட்டாக்கிப் படுங்கள். மாலை எழுந்து, வேலைக்குப் போகும் முன் ஆறரைக்கு வந்தால் அதே சாலை உங்களுக்கும் உதவும்.

அந்த ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்றால், இந்தச் சாலையால் உங்கள் வேலைப்பளுவைக் குறைக்க முடியாது. மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டும் இடத்தில், எதையும் தீர்மானிக்கும் உரிமையும் அவருக்கு இல்லாதபோது, எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் மறுநாள் அதே கனம்தான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலையால் வரும் சோர்வை நோய் என்று சொல்லாமல், பணியிடத்தில் சரியாகக் கையாளப்படாத நீண்டகால அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பும் விலகலும், செய்வதில் திறன் குறைந்துபோவது ஆகிய மூன்றையும் அடையாளமாகச் சொன்னது. இவை மாதக்கணக்கில் இருந்தால் பேச வேண்டிய இடம் ஆபீஸ். அந்த மூன்று வரி நோட்டை ஒரு மாதம் வைத்திருந்தால், எந்த வேலை திரும்பத் திரும்பத் தேங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது எளிது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ ஆசையோ இல்லாமல் போனால், வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும், 14416ஐ அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது.

வண்டியில் வருகிறவர்கள் உள் தெருக்களில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். வாரநாளில் இடம் கிடைக்கும். சனி, ஞாயிறு வெளியூர்க் கூட்டத்தில் இடம் தேடியே அரை மணி போய்விடும், ஞாயிறன்று காந்தி வீதிச் சந்தை நெரிசலும் சேர்ந்துகொள்ளும். டெம்போவில் வருகிறவர்கள் அஜந்தா சிக்னலில் இறங்கிக் கிழக்கே நடப்பது வசதி, அந்த நடையும் கணக்கில் சேரும். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். கடலூர்க்காரர்கள் இதற்காகப் பஸ் ஏறி வர வேண்டியதில்லை, தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை போதும். அங்கே மணலில் நடப்பதால் கெண்டைக்கால் சீக்கிரம் வலிக்கும், முதல் வாரம் கால் மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் கரைக்கே வர வேண்டாம். அன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன் நோட்டை எடுத்து அந்த மூன்று வரியை எழுதிவிட்டு உள்ளே போங்கள்.