ஜார் எங்கே இருக்கட்டும்: டாம்கேட்டிலா, வாருக்குள்ளா?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்கு எடைமேடை, கிடங்கு இருப்பு, சம்பளம் என்று மூன்று ஜாவா ஆப்கள் டாம்கேட் என்ற ஒரே ஜாவா வெப் சர்வரில் ஓடுகின்றன. லைப்ரரி ஜார்களை (கம்பைல் ஆன கிளாஸ்களின் கட்டுகள்) டாம்கேட்டின் பொது லிப் ஃபோல்டரில் போடுவதா, ஒவ்வொரு வாருக்குள்ளும் (ஒரு ஆப்பின் மொத்தக் கட்டு) வெப்-இன்ஃப் லிப்பில் வைப்பதா? இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு இப்போது வாருக்குள் வந்துவிட்டேன்.

பொது ஃபோல்டரில் வைத்தால் இடம் மிச்சம். இன்றைய டிஸ்க்குக்கு அது ஒரு விஷயமே இல்லை.

பராமரிப்பில்தான் கதை இருக்கிறது. போன சீசனில் பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருந்தபோது, சம்பள ஆப்புக்காகப் பொது ஃபோல்டரிலிருந்த, எக்செல் கோப்புகளைக் கையாளும் அப்பாச்சி பிஓஐ லைப்ரரியை 3லிருந்து 4க்கு மாற்றினேன். 4இல் பழைய மெத்தட்கள் சில கிடையாது. எடைமேடை ஆப்போ 3ஐ நம்பிக் கம்பைல் ஆனது. டாம்கேட் ஏறும்போது ஒரு சத்தமும் இல்லை. அந்த மெத்தடைக் கூப்பிடும்போதுதானே ஜாவா அதைத் தேடும்? சாயங்காலம் வரவு அறிக்கை எடுக்கையில், அப்படி ஒரு மெத்தடே இல்லை என்று நோசச்மெத்தட்எரர். "ஏங்க, லாரிக்காரங்க சீட்டு கேட்டு நிக்கிறாங்க" என்று ஆலையிலிருந்து போன். பழைய ஜாரைத் திருப்பி வைக்க டாம்கேட்டையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. ஒன்றுக்காக மூன்றும் படுத்தன.

வாருக்குள் வைத்தால் இந்தக் கூட்டுக்குடும்பச் சண்டை இல்லை. ஜாவாவின் சொந்த கிளாஸ்களை விட்டால், டாம்கேட் முதலில் ஆப்பின் வெப்-இன்ஃபில்தான் தேடும், அப்புறம்தான் பொது ஃபோல்டர். அதனால் எடைமேடைக்கு 3, சம்பளத்துக்கு 4. மாற்றிய ஆப்பை மட்டும் ரீடெப்ளாய் செய்தால் சரி. ஆனால் அடிக்கடி செய்தால் கிளாஸ்களை ஏற்றும் பழைய கிளாஸ்லோடர் விடுபடாமல், கிளாஸ் விவரங்கள் தங்கும் மெட்டாஸ்பேஸ் நினைவகம் நிரம்பலாம்; சீசனில் வாரம் ஒருமுறை இரவில் ரீஸ்டார்ட் போடுகிறேன்.

பொது ஃபோல்டருக்கும் ஒரு நியாயம் உண்டு. 2021 டிசம்பரில் லாக் எழுதும் லைப்ரரியான லாக்ஃபோர்ஜேயின் பாதுகாப்பு ஓட்டை வெடித்தபோது 2.15, 2.16, 2.17.0, 2.17.1 என்று ஒரே மாதத்தில் நான்கு வெளியீடுகள். அன்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். இன்றென்றால் மூன்று வார்களையும் நான்கு தடவை கட்ட வேண்டும். இருபது ஆப் வைத்திருப்பவர் வேறு முடிவுக்கு வரலாம். நான் மூன்றுக்கு மேல் ஓட்டியதில்லை.

டேட்டாபேஸோடு பேச உதவும் ஜேடிபிசி டிரைவர் மட்டும் விதிவிலக்கு. கனெக்‌ஷன் பூலை (தயாராக வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகள்) டாம்கேட்டே நடத்துவதால், வாருக்குள் இருக்கும் டிரைவர் அதன் கண்ணுக்குத் தெரியாது. சரி, இரண்டு இடத்திலும் வைப்போமே என்று நினைக்க வேண்டாம். இரு லோடர்கள் ஏற்றிய ஒரே கிளாஸ் ஜாவாவுக்கு இரண்டு வேறு கிளாஸ். தன்னையே தானாக மாற்ற முடியவில்லை என்று கிளாஸ்காஸ்ட்எக்ஸப்ஷன் வந்து நிற்கலாம். பொது ஃபோல்டரில் இப்போது நான் சேர்த்திருப்பது அந்த டிரைவர் ஜார் ஒன்றுதான்.