கேப் மென்பொருளோடு எட்டு ஆண்டுகள்: ஒரு கணித ஆசிரியையின் அனுபவம்

(1 2), அதாவது 1ஐயும் 2ஐயும் இடம் மாற்றுவது, (2 3), அதாவது 2ஐயும் 3ஐயும் இடம் மாற்றுவது என்ற இரண்டு வரிசைமாற்றங்களைப் பெருக்கச் சொல்லி, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யச் சொல்லி, உள்தேர்வில் ஒரு கேள்வி வைத்திருந்தேன். இரண்டே மதிப்பெண். வகுப்பில் பாதிப்பேர் (1 2 3) என்று எழுதியிருந்தார்கள், மீதிப்பேர் (1 3 2). யாரோ தப்பாக எழுதி, பின்வரிசை முழுக்கப் பார்த்து எழுதிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, கோளாறு என்னுடையது. கரும்பலகையில் நான் வலமிருந்து இடமாகப் பெருக்கிக் காட்டியிருந்தேன். எங்கள் பாடநூலும் அப்படித்தான். ஆய்வகத்தில் அதே பிள்ளைகள் தட்டிப் பார்த்த மென்பொருளோ இடமிருந்து வலமாகப் பெருக்கும். இரண்டு விடைக்கும் முழு மதிப்பெண் போட்டேன். எட்டு ஆண்டில் இந்த மென்பொருள் என்னை ஏமாற்றிய இடங்களில் இதுதான் மிகச் சிறியது, மிக அதிகமாகத் தொல்லை கொடுத்ததும் இதுதான்.

மென்பொருளின் பெயர் கேப். குலங்கள் (குரூப்ஸ்), அல்காரிதங்கள், புரோகிராமிங் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள். குலம் என்றால், தங்களுக்குள்ளேயே பெருக்கிக்கொள்ளவும் அந்தப் பெருக்கலைத் திருப்பி அவிழ்க்கவும் முடிகிற உறுப்புகளின் கூட்டம். 1986இல் ஜெர்மனியின் ஆஹன் நகரப் பல்கலைக்கழகத்தில் யோஆகிம் நாய்பியூசரின் வழிகாட்டலில் தொடங்கியது. அவர் ஓய்வுபெற்ற 1997இல் ஒருங்கிணைப்பு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போனது. முழுக்க இலவசம். இதே வேலைக்குச் சிட்னியில் உருவான மேக்மாவும் உண்டு, ஆனால் அதற்கு உரிமக் கட்டணம் உண்டு. எங்கள் மாதிரிக் கல்லூரியில் கோப்பு நகர்வதற்குள் ஒரு பேட்ச் பட்டம் வாங்கிப் போய்விடும். (பெயரை வைத்து மாணவர்கள் செய்த கேலியையும் சொல்லிவிடுகிறேன். "மேம் கேப்புல கெடா வெட்டறாங்க" என்பது மூன்று பேட்சாக ஓடிக்கொண்டிருக்கும் ஜோக்.)

நிறுவுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸில் இடம் நிறையப் பிடிக்கும், பழைய கணினியில் திறக்க நேரமாகும். எங்கள் ஆய்வகத்தில் எத்தனை கணினி உயிரோடு இருக்கும் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். அதனால் மூன்றாம் ஆண்டிலிருந்து சேஜ் செல் பக்கத்துக்கு மாறினேன். வில்லியம் ஸ்டைன் 2005இல் தொடங்கிய சேஜ் மென்பொருளின் உலாவி வடிவம் அது. மொழிப் பட்டியலில் கேப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், மாணவர்களின் செல்பேசியிலேயே ஓடும். கணக்கு வகுப்பில் செல்பேசியை வெளியே எடுங்கள் என்று சொன்ன முதல் நாள் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வந்த புதிதில் எல்லோரும் சறுக்குவது அரைப்புள்ளியில்தான். கட்டளையின் முடிவில் அதை வைக்க மறந்தால் கேப் திட்டாது, எதுவும் சொல்லாது, மிச்சத்தையும் தட்டு என்பதுபோலச் சும்மா காத்திருக்கும். "மேம், ஹேங் ஆயிடுச்சு" என்று பத்துக் குரல் எழும். இரண்டு அரைப்புள்ளி வைத்தால் விடையைத் திரையில் காட்டாமல் மனசுக்குள் வைத்துக்கொள்ளும். பெரிய குலங்களைக் கையாளும்போது அது வரப்பிரசாதம்.

அடுத்த குழி சதுரத்தின் சமச்சீர்க் குலம். டைஹெட்ரல்குரூப் என்ற கட்டளைக்குள் கேப்பில் 8 என்று கொடுக்க வேண்டும், அதாவது குலத்தின் வரிசை (அதில் எத்தனை உறுப்புகள் என்பது). சேஜின் சொந்த மொழியில் அதே பெயருள்ள கட்டளைக்கு 4 கொடுக்க வேண்டும், அதாவது பக்கங்களின் எண்ணிக்கை. சேஜுக்குள் உட்கார்ந்திருப்பதே கேப்தான், இருந்தும் இரண்டுக்கும் இந்த விஷயத்தில் ஒத்துப்போவதில்லை. போதாக்குறைக்கு, கேப் அந்தக் குலத்தின் உறுப்புகளைத் தானாகவே எஃப்1, எஃப்2, எஃப்3 என்று ஏதோ கார் பந்தயம் போலக் காட்டும். சதுர அட்டையை வெட்டிக் கையில் சுழற்றிப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு இதில் எது சுழற்சி, எது பிரதிபலிப்பு என்று எப்படிப் புரியும்? வரிசைமாற்றக் குலமாகக் கொடு என்று கட்டளையிலேயே கேட்டு வாங்க வேண்டும். இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

சரி, இத்தனை தொல்லையோடு ஏன் எட்டு ஆண்டு?

முதல் இரண்டு ஆண்டுகள் நான் இதைத் தவறாகத்தான் பயன்படுத்தினேன். தேற்றத்தைச் சொல்லி, நிறுவி, அப்புறம் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் "பார்த்தீர்களா, சரியாக வருகிறது" என்பேன். யாருக்கும் அதில் சுவாரசியம் இல்லை. சரி என்று நிறுவியதைக் கணினி மறுபடி சரி என்று சொல்வதில் என்ன இருக்கிறது? பிறகு வரிசையைத் திருப்பினேன். எட்டு உறுப்புகள் வரை கையால் பெருக்கல் அட்டவணை போட வேண்டும், அதில் சலுகை கிடையாது. அங்கிருந்து கணினி. தேற்றம் கடைசியில்தான்.

உதாரணத்துக்கு லக்ராஞ்சு தேற்றம். உட்குலத்தின் வரிசை, குலத்தின் வரிசையை வகுக்கும் என்பதை அவர்களே பட்டியலிலிருந்து ஊகித்துவிடுவார்கள். உடனே ஒருவர் கேட்பார், "அப்போ வகுக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு உட்குலம் இருக்குமா மேம்?" நான் பதில் சொல்ல மாட்டேன். நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றக் குலத்தை (இரண்டிரண்டாக இடம் மாற்றுவதை இரட்டைப்படை முறை செய்து கிடைக்கும் 12 வரிசைமாற்றங்கள்) எடுத்துக்கொள், அதன் எல்லா உட்குலங்களையும் கேள் என்பேன். பத்து உட்குலங்கள் வரும். வரிசைகள் 1, 2, 3, 4, 12. ஆறு மட்டும் இருக்காது. ஏதோ தட்டச்சுப் பிழை என்று இரண்டு மூன்று முறை மறுபடி ஓட்டுவார்கள். அந்த ஆறு எங்கே போனது என்று அவர்களே என்னைக் கேட்கும் நேரத்தில்தான் சாக்கட்டியை எடுப்பேன். ஆறு உறுப்புள்ள உட்குலம் இருந்தால் அது குலத்தில் சரிபாதி, ஆகவே எல்லா வர்க்கங்களும் அதற்குள் விழ வேண்டும். மூன்று-சுழற்சிகள் (மூன்று பொருள்களைச் சுற்றிவர மாற்றுபவை) ஒவ்வொன்றும் இன்னொன்றின் வர்க்கம், அவை எட்டு. ஆறு இடத்தில் எட்டை எப்படி உட்காரவைப்பது? நிறுவல் மூன்று வரிதான். முன்பெல்லாம் இதே மூன்று வரியை எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போவேன், ஒருத்தரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த பயிற்சி இன்னொன்று. உறுப்புகளின் வரிசைகளை (ஓர் உறுப்பைத் தன்னோடு எத்தனை முறை பெருக்கினால் முதன்முதலாக 1 வரும் என்பது அதன் வரிசை) பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, பட்டியல் ஒன்றாக இருந்தால் இரு குலங்களும் சம அமைப்புடையவைதானா என்று தேடுவது. வரிசை எட்டில் ஐந்து குலங்கள், ஐந்துக்கும் ஐந்து பட்டியல். பன்னிரண்டிலும் அப்படியே. பதினைந்து வரை ஊகம் அசையாமல் நிற்கும், பிள்ளைகளும் ஏறக்குறைய தேற்றம் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். பதினாறில் உடையும். அங்கே பதினான்கு குலங்கள். கேப்பின் பட்டியலில் ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே கணக்கு காட்டும்: வரிசை இரண்டு உள்ளவை மூன்று, நான்கு உள்ளவை நான்கு, எட்டு உள்ளவை எட்டு. ஆனால் ஒன்று எபீலியன் (எந்த இரண்டு உறுப்புகளை முன்பின்னாகப் பெருக்கினாலும் ஒரே விடை), மற்றது இல்லை. உட்குலங்களின் படத்தை வரைந்தால் அதுவும் இரண்டுக்கும் ஒரே வடிவம். கையால் பதினாறை முழுக்கப் போட்டுப் பார்க்க ஒரு பருவம் ஆகும்.

இந்தச் சிறு குலங்களின் பட்டியல்தான் கேப்பின் உண்மையான சொத்து. பெஷே, ஐக், ஓபிரையன் மூவரும் கட்டியது. 2000 வரையான எல்லா வரிசைகளும் உண்டு, 1024 ஒன்றைத் தவிர. மொத்தம் 42,31,64,062 குலங்கள். 512இல் மட்டும் 1,04,94,213. 1024ஐக் கேட்டால் பிழைச் செய்திதான் வரும். அத்தனையையும் எண்ணியிருக்கிறார்கள், பட்டியலிடவில்லை: 4,948 கோடியே 73 லட்சத்து 67 ஆயிரத்து 289. முதலில் வெளியான எண்ணிக்கை இதைவிட 1,867 குறைவாக இருந்து, பல ஆண்டுகள் கழித்துத் திருத்தப்பட்டது. வகுப்பில் இதைச் சொன்னால் அவர்களுக்கு ஒரே சந்தோஷம், பெரியவர்களும் கூட்டலில் தப்பு விடுகிறார்கள் என்று.

குலத்தின் அமைப்பை ஒரு வரியில் விவரிக்கும் கட்டளையை மட்டும் நம்ப வேண்டாம். இருபது உறுப்புள்ள குலங்களில் இரண்டை ஒரே பெயரில் "சி5 : சி4" என்று எழுதும். ஒரு மாணவி இரண்டும் ஒன்றுதான் என்று சாதித்தாள், ஆதாரமாகத் திரையையே காட்டினாள். மையத்தை, அதாவது மற்ற எல்லாவற்றோடும் முன்பின்னாகப் பெருக்கினாலும் ஒரே விடை தரும் உறுப்புகளை, கேட்டுப் பார் என்றேன். ஒன்றின் மையத்தில் ஒரே உறுப்பு, மற்றதில் இரண்டு. அந்த விவரிப்பு வெறும் கூப்பிடுபெயர்தான், ஆதார் எண் இல்லை.

கணினிக்கும் எல்லை உண்டு என்று காட்ட ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு உறுப்பின் வர்க்கம் 1, இன்னொன்றின் கனம் 1, இரண்டின் பெருக்கலை மூன்று முறை பெருக்கினால் 1. குலத்தின் வரிசை என்ன? 12. மூன்றை நான்காக்கினால் 24, ஐந்தாக்கினால் 60. ஆறாக்கு என்பேன். முடிவிலிக் குலம் அது, இணைக்கணங்களை (ஓர் உட்குலத்தை ஒவ்வோர் உறுப்பாலும் பெருக்கிக் கிடைக்கும் சம அளவுத் துண்டுகளை) எண்ணும் முறை அங்கே ஓயவே ஓயாது. டாட், காக்ஸிட்டர் இருவரும் 1936இல் தந்த முறை, முடிவுள்ள விடை இருந்தால்தான் நிற்கும். ஒருமுறை ஒரு பையன் ஆறுக்குப் பதில் ஏழு போட்டு விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். ஆய்வகத்தின் அந்தப் பழைய பெட்டி மிக்ஸி மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

ரூபிக் கனசதுரத்தைக் காட்டாமல் எந்த ஆண்டும் முடிந்ததில்லை. நகரும் 48 சின்னச் சதுரங்களுக்கு எண் கொடுத்து, ஆறு முகச் சுழற்சிகளை வரிசைமாற்றங்களாக எழுதினால் 4,32,52,00,32,74,48,98,56,000 என்று கண் இமைப்பதற்குள் வந்துவிடும். கைதட்டல் நிச்சயம். கணிதமாக அதில் அவர்கள் கற்பது கம்மிதான் என்பது என் அபிப்பிராயம்.

படமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு கேப் ஏமாற்றமே, எல்லாம் எழுத்து மயம். அதற்கு நேத்தன் கார்ட்டரின் குரூப் எக்ஸ்ப்ளோரரை உலாவியில் திறந்துவைப்பேன். நேர்மை உட்குலத்தின் (இடப்பக்கம் பெருக்கினாலும் வலப்பக்கம் பெருக்கினாலும் ஒரே துண்டுகளைத் தரும் உட்குலம்) இணைக்கணங்கள் பெருக்கல் அட்டவணையில் வண்ணக் கட்டங்களாகச் சேர்ந்து நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், ஈவுக் குலம் (அந்தத் துண்டுகளையே உறுப்புகளாகக் கொண்ட குலம்) என்றால் என்ன என்று அரைமணி நேரம் தொண்டை வறளப் பேச வேண்டாம்.

பல்கலைக்கழகத் தேர்வில் இதற்கெல்லாம் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. "சிலபஸை முடித்துவிட்டு விளையாடுங்கள் மேடம்" என்று துறைக் கூட்டத்தில் எனக்கு அறிவுரை கிடைத்திருக்கிறது. நியாயம்தான், நேரம் போகத்தான் செய்கிறது. சரியாக விடை வந்துவிட்டதே, பிறகு எதற்கு நிறுவல் என்று கேட்கும் பிள்ளைகளும் ஒவ்வொரு பேட்சிலும் நாலைந்து பேர் உண்டு. அவர்களுக்கு அந்தப் பதினாறாம் வரிசையைத்தான் ஞாபகப்படுத்துகிறேன், எல்லோருக்கும் அது எடுபடுவதில்லை.

இந்தப் பருவத்தில் புதிதாக ஒன்று கொடுத்திருந்தேன். இரண்டு உறுப்புகளை முன்பின்னாகப் பெருக்கும்போது விடையில் வரும் வித்தியாசத்தைக் காட்டும் உறுப்புக்குக் கம்யூட்டேட்டர் என்று பெயர். அப்படி இரண்டு கம்யூட்டேட்டர்களைப் பெருக்கினால் கிடைப்பது எப்போதும் கம்யூட்டேட்டராகவே இருக்குமா, இல்லாத மிகச் சிறிய குலம் எது? சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் ஒருத்தி அனுப்பியிருந்தாள்: "மேம், 95 வரைக்கும் ஒண்ணுமே இல்ல. 96ல 231 குரூப் இருக்கு, அதுல மாட்டிக்கிச்சு! ஆனா ஏன்னு தெரியல." திங்கட்கிழமை முதல் பீரியடில் பலகையில் போட்டுப் பார்ப்போம், இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்று அதற்குள் முடிவு பண்ணிக்கொண்டு வா என்று பதில் போட்டேன்.