பாம்பன் ஒரு நாள் டூர்: வண்டி சரி, சொன்ன கதை சரியில்லை

காரைக்குடியில் கிளம்பி பாம்பன், ராமேஸ்வரம் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்புகிற வேன் டூர். போன மாதம் நானும் வீட்டுக்காரரும் அப்பத்தாவும் போனோம், ஆளுக்கு 1,800 ரூபாய். நடத்துகிறவர்கள் பேர் வேண்டாம், உள்ளூர்க்காரர்கள்.

சொன்னபடி காலை 5 மணிக்கு வாசலில் வண்டி நின்றது. தேவகோட்டையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் அவர்கள் கணக்கில், சூடு ஆறாமல். ஆனால் இந்த டூருக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு விஷயத்துக்காக: மண்டபத்தில் நம்மைப் பாசஞ்சர் ரயிலில் ஏற்றிவிட்டு, வேன் ரோட்டுப் பாலம் வழியாக முன்னால் போய் ராமேஸ்வரம் ஸ்டேஷனில் காத்திருக்கிறது. கடல் மேல் ரயிலில் போகவும் முடிகிறது, திரும்ப வண்டி தேடி அலையவும் வேண்டாம்.

குறை, கூட வந்த வழிகாட்டித் தம்பி. பாம்பனின் பழைய ரயில் பாலம் கப்பல் வந்தால் மோட்டாரில் அப்படியே பக்கவாட்டில் சுழலும் என்றார். இரண்டுமே தப்பு. நடுத்தூணில் அச்சு வைத்துச் சுழலும் பாலங்கள் வேறு. 1914இல் திறந்த நம் பாலம் ஷெர்சர் வகை, கூப்பிய கையை விரித்த மாதிரி இரண்டு பக்கமும் மேலே எழும்பும், அதுவும் ஆட்கள் நின்று கையால் பல்சக்கரத்தைச் சுற்றித்தான் திறப்பார்கள்.

1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போயும் அந்தத் தூக்குப் பகுதி தப்பியது. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர், பின்னாளில் டெல்லி மெட்ரோ போட்டவரேதான், கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துப் போட்டு 46 நாளில் ரயில் ஓடவிட்டார். இதையெல்லாம் விட்டுவிட்டு எந்த இடத்தில் செல்ஃபி நன்றாக வரும் என்று அரை மணி நேரம் பேசினார் தம்பி.

2022 டிசம்பரோடு பழையதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று மின்சாரத்தில் லிப்ட் போல நேராக மேலே போகிறது. வேலைப்பாடு அருமை, மறுக்கவில்லை. ஆனால் பழையதில் ஊர்ந்து போன ரயில் இதில் விறுவிறுவென்று போய்விடுகிறது, போனை எடுத்து வீடியோ போடுவதற்குள் பாம்பன் வந்துவிட்டது.

அப்பத்தா மட்டும் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எங்க அப்பச்சி கொழும்புக்குக் கொண்டுவிக்கப் போனது இது வழியாத்தான்" என்றார். அந்தக் காலத்தில் போட் மெயில் என்ற ரயில் பழைய பாலத்தைத் தாண்டி தனுஷ்கோடி போகும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். செட்டிநாட்டிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வருகிற டூரில் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் எப்படி? நான் கேட்டதற்கு, "அப்படியாக்கா?" என்றார் தம்பி.

மதியச் சாப்பாடு சுமார்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம் என்றிருந்தேன். அப்பத்தா அரை சேர்க்கச் சொன்னார், பணியாரத்துக்காம். மூன்றரை.