நான்காம் படிவத்தில் தூய அறிவியலா, கணக்கியலா? தோட்டப் பிள்ளைக்கு எது ஏற்றது

இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் முடியும் தறுவாயில் பள்ளியிலிருந்து ஒரு பாரம் வீட்டுக்கு வரும். நான்காம் படிவத்தில் பிள்ளை எந்தப் பாடத்தொகுப்பை எடுக்கப்போகிறது என்று குறித்து, பெற்றோர் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் அந்தப் பாரத்தை நிரப்பியிருக்கிறோம். மகன் தூய அறிவியலை எடுத்தான். மகள் கணக்கியல் தொகுப்பை எடுத்தாள். இருவரும் ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதி முடித்துவிட்டார்கள். மகனுக்கு அறிவியலில் உண்மையான நாட்டம் இருந்தது; இப்போது ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா படிக்கிறான். அவனுடைய தேர்வில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் போன்ற ஊரில், தோட்டத்திலிருந்து வேனில் பள்ளிக்குப் போய்வரும் நடுத்தர மதிப்பெண் பிள்ளைக்கு எது நல்லது என்று கேட்டால், கணக்கியல் தொகுப்போடு தமிழும் என்றுதான் சொல்வேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மருத்துவம், மருந்தியல் என்று பிள்ளை உறுதியாக இருந்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் இல்லாமல் முடியாது. அங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை. அறிவியல் படித்தவர் பின்னாளில் கணக்கியலுக்கோ சட்டத்துக்கோ மாறலாம், கணக்கியல் படித்தவர் மருத்துவத்துக்கு மாற முடியாது என்பதும் உண்மை. அறிவியலை எடுக்கச் சொல்லும் எல்லாரும் சொல்வது இந்த ஒரு காரணத்தைத்தான். மகனுக்குப் பாரம் நிரப்பியபோது நானும் இதைச் சொன்னவன்தான்.

2020-இல் நான்காம் படிவத்துக்குப் புதிய பாடத்திட்டம் வந்தபோது அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிப்பு எடுக்கப்பட்டு, பாடத்தொகுப்பு முறை வந்தது. தாளில் பார்த்தால் எதையும் எதனோடும் சேர்க்கலாம் போலத் தெரியும். நடைமுறையில் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார், எத்தனை பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதே தொகுப்பைத் தீர்மானிக்கிறது. சிறிய ஊர்ப் பள்ளிகளில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் பழைய இரண்டு பாதைகள்தான்.

எந்தத் தொகுப்பை எடுத்தாலும் மாறாத பாடங்கள் உண்டு: மலாய்மொழி, ஆங்கிலம், வரலாறு, கணிதம், நம் பிள்ளைகளுக்கு நன்னெறிக்கல்வி. தூய அறிவியல் எடுப்பவர் இந்த ஐந்தோடு இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் ஆகியவற்றைச் சேர்க்கிறார்; ஒன்பது ஆகிறது. கணக்கியல் எடுப்பவருக்குப் பொது அறிவியல் கட்டாயம் என்பதால் பொதுப் பாடங்களே ஆறு, அவற்றோடு கணக்கியல், வணிகவியல், பொருளியல், அதுவும் ஒன்பதுதான். தமிழைச் சேர்த்தால் இரண்டு பக்கமும் பத்து. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் சுமையும் ஒன்றுதான் என்று பல பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள்.

சான்றிதழ் கையில் கிடைப்பது மலாய்மொழியையும் வரலாற்றையும் பொறுத்தது. மலாய்மொழியில் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லை என்பது பழைய விதி. 2013 முதல் வரலாறும் அதோடு சேர்ந்துகொண்டது. மற்றப் பாடங்களில் எத்தனை ஏ இருந்தாலும், இந்த இரண்டில் ஒன்றில் தோல்வித் தரமான ஜி விழுந்தால் சான்றிதழ் கிடையாது. மீள்தேர்வு உண்டு, ஆனால் கூட்டாளிகள் எல்லாரும் அடுத்த படிப்புக்குப் போய்விட்ட பிறகு தனியாக உட்கார்ந்து எழுதுவது பதினெட்டு வயதில் எளிதான காரியம் அல்ல.

சான்றிதழுக்கு ஈ தரமே போதும். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் போகவும், அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவும், பெரும்பாலான அரசாங்க வேலைகளுக்கும் மலாய்மொழியில் கிரெடிட், அதாவது குறைந்தது சி தரம் வேண்டும். ஆக, பிள்ளை பொறியாளராக விரும்பினாலும் கணக்காய்வாளராக விரும்பினாலும் கடக்க வேண்டிய முதல் வாசல் மலாய்மொழி கிரெடிட். தொகுப்புகளை ஒப்பிடும்போது நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கும் கேள்வி இதுதான்: எந்தத் தொகுப்பு மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் மாலை நேரத்தை மிச்சம் வைக்கிறது?

பட்டணத்துப் பெற்றோருக்கு இந்தக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். இங்கே வாழ்பவர்களுக்குப் புரியும். பள்ளி விட்டதும் வேன் கிளம்பிவிடும். வேனை விட்டால் வேறு வழியில்லை என்பதால் பிற்பகல் சிறப்பு வகுப்புகள் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாதிதான் கிடைக்கும். வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு உட்கார்ந்தால் மிஞ்சுவது மாலையும் முன்னிரவும். தூய அறிவியல் தொகுப்பில் அந்த நேரத்தை முதலில் கேட்பது கூடுதல் கணிதம். ஒரு நாள் பயிற்சி செய்யாவிட்டால் மறுநாள் பாடம் புரியாது. அதன் பின்னால் இயற்பியல் கணக்குகள், வேதியியல் சமன்பாடுகள். மலாய்க் கட்டுரை எழுதாவிட்டால் மறுநாள் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆகவே அது தள்ளிப்போகும். வரலாறு தேர்வுக்கு முந்திய மாதம் வரைக்கும் தள்ளிப்போகும். என் மகன் சோம்பேறி அல்லன். இரவு பதினொரு மணி வரைக்கும் படித்தான். அந்தப் படிப்பில் பெரும்பகுதி நான்கு பாடங்களுக்கே போனது. மலாய்மொழியில் கிரெடிட் வாங்கினான், ஆனால் முடிவு வரும் நாள் வரைக்கும் வீட்டில் யாருக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

டியூஷன் பணமும் இதே வழியில்தான் போகிறது. இரண்டு பாடத்துக்குத்தான் கட்ட முடியும் என்ற நிலையில் உள்ள குடும்பம், பிள்ளை தூய அறிவியல் எடுத்தால் கூடுதல் கணிதத்துக்கும் வேதியியலுக்கும் கட்டும். மலாய்மொழிக்கு யார் கட்டுவார்கள்? அதுவோ தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு அதிக உதவி தேவைப்படும் பாடம். நம் பிள்ளைகள் கடையிலும் பந்து விளையாட்டிலும் சரளமாக மலாய் பேசுவார்கள். கட்டுரைத் தாள் கேட்பது அந்த மலாயை அல்ல. முன்னொட்டும் பின்னொட்டும் பிசகாத எழுத்து மலாய். அது வாரந்தோறும் எழுதி, ஒருவர் திருத்தி, மறுபடி எழுதி வருவது. தமிழ்ப்பள்ளிக்கும் முதல் படிவத்துக்கும் இடையில் உள்ள புகுமுக வகுப்பில் ஓராண்டு படித்துவந்த பிள்ளைக்கும் இந்தப் பயிற்சி ஐந்தாம் படிவம் வரைக்கும் தேவைப்படுகிறது.

கணக்கியல் தொகுப்பில் இந்த நெருக்கடி வெகுவாகக் குறைகிறது. கணக்கியலுக்கும் தினசரிப் பயிற்சி வேண்டும். பேரேடும் இருப்புநிலைக் குறிப்பும் விளையாட்டு அல்ல. ஆனால் முறை பிடிபட்ட பிறகு பயிற்சி வேகமாக ஓடும். வணிகவியலும் பொருளியலும் மலாயில் வாசித்து மலாயில் விடை எழுதும் பாடங்கள். அவற்றைப் படிக்கும்போதே மலாய் எழுத்துநடை பழகுகிறது. மகளிடம் இதை நேராகப் பார்த்தேன். பொருளியல் விடைகளை முழு வாக்கியங்களாக எழுதிப் பழகிய பிறகு அவளுடைய மலாய்க் கட்டுரை தெளிந்தது. வாரத்தில் இரண்டு மாலைகளை மலாய்மொழிக்கும் ஒரு மாலையை வரலாற்றுக்கும் ஒதுக்க அவளுக்கு முடிந்தது. டியூஷன் பணத்தையும் மலாய்மொழிக்கே கட்டினோம்.

நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருப்பவன். தொழிலாளர் வருகைப் பதிவான செக்ரோலும் சம்பளப் பட்டியலும் எங்கள் வீட்டில் அன்னியமான விஷயங்கள் அல்ல. ஊழியர் சேமநிதிக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு எவ்வளவு, செம்பனைக் குலை வெட்டுபவருக்குச் சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று மகள் கேட்டபோது என்னால் விளக்க முடிந்தது. கூடுதல் கணிதத்தில் மகன் கேட்டவற்றுக்கு எனக்கு விடை தெரியாது. வீட்டில் உதவி செய்ய ஆள் இருக்கிறதா என்பதையும் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வரலாறு பற்றி நம் ஊர்ப் பிள்ளைகளிடம் தனியாக ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். முதல் தாளில் நாற்பது புறவய வினாக்கள். இரண்டாம் தாளில் அமைப்பு வினாக்களும் கட்டுரைகளும். மனப்பாடம் செய்தே தீர வேண்டிய பாடம் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டி வந்த அவசரகாலம் பற்றிய பாடத்தைத் திறந்தால் அங்கே நம் ஊர் இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. விடுதலைக்கு முன்னும் பின்னும் வரும் பாடங்களில் துன் வீ.தி. சம்பந்தனைச் சந்திப்பார்கள், அவர் இந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்கான தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். 1954-இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி இன்றும் இங்கேதான் நிற்கிறது. இவற்றைக் காட்டிப் பேசத் தொடங்கியதிலிருந்து மகளுக்கு அந்தப் பாடத்தின் மீது இருந்த பயம் விலகியது. அதற்கும் ஒரு மாலை நேரம் தேவைப்பட்டது. அந்த மாலை அவளிடம் இருந்தது.

அடுத்து, சுமாரான முடிவு வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கும் பிள்ளைக்கு எந்தத் தொகுப்பும் நல்ல தொகுப்புதான். சி-யும் டி-யும் கலந்து வாங்கும் பிள்ளையை நினைத்துப் பாரத்தை நிரப்புங்கள். பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சியோடு மூன்று கிரெடிட்டுகள் வேண்டும். தூய அறிவியலில் திணறும் பிள்ளைக்கு இயற்பியலிலும் கூடுதல் கணிதத்திலும் டி, ஈ விழுந்தால், அந்தப் பாடங்களுக்காகக் கொடுத்த இரண்டு ஆண்டு மாலைகளுக்கு விண்ணப்பத்தில் பலன் இல்லை. அதே உழைப்பைக் கணக்கியலிலும் வணிகவியலிலும் போட்டிருந்தால் கிரெடிட் வந்திருக்கும். கணக்கியல் கிரெடிட்டோடு பாலிடெக்னிக்கில் கணக்கியல், வணிக டிப்ளோமாக்கள் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு முந்திய அரசாங்கப் படிப்பான மெட்ரிகுலேஷனில் கணக்கியல் பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கே இடம் கிடைப்பது நம் பிள்ளைகளுக்குக் கடினம், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஆறாம் படிவத்தில் மூன்று தவணைகளாக ஒன்றரை ஆண்டில் முடியும் எஸ்.டி.பி.எம். தகுதி பெற்ற யாருக்கும் திறந்திருக்கும் பாதை, செலவும் குறைவு. மகள் அதைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

எஸ்.டி.பி.எம். தேர்விலும் தமிழ் ஒரு பாடமாக உண்டு. கணக்கியல் தொகுப்போடு தமிழையும் நான் சேர்த்துச் சொல்வதற்கு அது ஒரு காரணம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்த பிள்ளைக்கு ஏ வாங்க வாய்ப்புள்ள பாடத்தை நான்காம் படிவத்தில் விட்டுவிடுவது பெரிய இழப்பு. ஆசிரியர் பயிற்சிக் கழகப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஐந்து பாடங்களில் ஏ வேண்டும். அந்த ஐந்தில் தமிழும் ஒன்றாக இருக்கலாம். தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி பட்டப்படிப்பு இருக்கிறது. மகள் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியத்தையும் எடுத்தாள். அதற்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளில் பணம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் இலக்கியமும் எடுக்கலாம்; இல்லையென்றால் தமிழ்மொழி மட்டும் போதும்.

தொழிற்கல்விக் கல்லூரி மூன்றாவது வழி. மூன்றாம் படிவத்துக்குப் பிறகு அங்கே சேர்ந்தால் இரண்டு ஆண்டில் தொழிற்கல்விச் சான்றிதழ், மேலும் இரண்டு ஆண்டில் டிப்ளோமா. என் அக்காள் மகன் ஒருவன் மட்டும் அதில் படித்தான், மின்னியல். கைவேலையில் ஆர்வமுள்ள பையன், நன்றாகவே இருக்கிறான். ஒருவனை வைத்து எல்லாருக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே போனாலும் மலாய்மொழியும் வரலாறும் கூடவே வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பாரத்தில் கையொப்பமிடும் முன் பள்ளிக்கு ஒரு நடை போய் வாருங்கள். கூடுதல் கணிதத்துக்கும் கணக்கியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, பிற்பகல் வகுப்பு எந்த நாட்களில், அந்த நாட்களில் வேன் காத்திருக்குமா, தொகுப்பை மாற்ற விரும்பினால் எந்த வாரம் வரைக்கும் விடுவார்கள் என்று கேளுங்கள். தமிழ்மொழி வகுப்பு கால அட்டவணைக்குள் இருக்கிறதா, பள்ளி முடிந்த பிறகா என்பதையும் கேளுங்கள். வகுப்பே இல்லை என்று சொன்னால், 1996 கல்விச் சட்டப்படி குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் அதைக் கேட்கலாம். எங்கள் பள்ளியில் அந்தக் கடிதத்துக்கு ஆள் சேர்க்கத் தோட்டம் தோட்டமாகப் போக வேண்டியிருந்தது. மூன்றாம் படிவத்துப் பெற்றோர் இப்போதே தொடங்கினால், நான்காம் படிவம் திறக்கும்போது வகுப்பு தயாராக இருக்கும்.